திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் வட்டார வரலாற்று அருங்காட்சியகம்: தேவையும் வரையறையும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக்கு மேற்கே திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை பரவியுள்ள நிலப்பகுதி, கடந்த முப்பது ஆண்டுகளில் ஏரிப்பாசன வேளாண்மையிலிருந்து மகிழுந்து, கைப்பேசி உற்பத்திக்கு மாறியது. இப்பகுதிக்கென ஒரு வட்டார வரலாற்று அருங்காட்சியகம் வேண்டுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. வேண்டுவதில்லை என்பதற்கு முன்வைக்கத்தக்க வாதங்கள் முதலில் எடைபோடப்படுகின்றன. தொன்மைக்காலச் சான்றுகளைக் காட்டிலும் அண்மைக்காலச் சான்றுகளே விரைந்து அழிகின்றன என்பதும், ஆகவே கட்டடத்திற்கு முன்னரே சேகரிப்புத் தொடங்கப்பெற வேண்டும் என்பதும் கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: அருங்காட்சியகம், வட்டார வரலாறு, திருப்பெரும்புதூர், ஒரகடம், வடக்குப்பட்டு, ஏரி, நில எடுப்பு, தொழிலாளர் நினைவு

முன்னுரை

2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம், ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு என்னும் சிற்றூரில் அகழாய்வு மேற்கொண்டது. மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் கற்கருவிகள் வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ 12,000 ஆண்டுப் பழமையுடையவை என அகழாய்வாளர் கணித்தனர். சங்க காலத்தைச் சார்ந்த கட்டுமான எச்சங்கள், உரோமானிய ஆம்போரா ஓடுகள், கண்ணாடி மணிகள், பொன் அணிகலன் ஆகியனவும் அவ்வூரில் கிடைத்தன. அருகிலேயே, 2010இல் திறக்கப்பட்ட ரெனோ–நிசான் ஆலையும் 2012இல் திறக்கப்பட்ட டைம்லர் கனரக வாகன ஆலையும் இயங்கிவருகின்றன.

இவ்வளவு அருகருகே அமைந்த இரு காலங்களையும் ஒருங்கே காட்டும் பொதுநிறுவனம் எதுவும் இப்பகுதியில் இல்லை. வடக்குப்பட்டு அகழாய்வு நாளிதழ்களில் செய்தியாகி அடங்கியது. அருங்காட்சியகம் ஒன்று தேவை என்னும் கருத்து அத்தகைய தருணங்களில் எழுவது இயல்பு. ஆனால் ‘தொன்மை கிடைத்தது; எனவே அருங்காட்சியகம் வேண்டும்’ என்பது தருக்க அடிப்படையில் நிறைவுடைய வாதமன்று. தமிழகத்தில் தொன்மை கிடைக்காத வட்டாரம் அரிது. இவ்வட்டாரத்திற்கே உரிய தேவை எது என்பதை நிறுவிய பின்னரே கட்டடம் பற்றிய பேச்சு பொருளுடையதாகும்.

1. ஊர்விட்டு நீங்கிய சான்றுகள்

இவ்வட்டாரத்தின் பெயர் நிலவியல் நூல்களில் நிலைபெற்ற ஒன்றாகும். பாலாற்றுப் படுகையின் தொல்பாறை அடுக்குகளுள் ஒன்று ‘திருப்பெரும்புதூர் படிவு’ என்றே வழங்கப்பெறுகிறது. தொடக்கக் கிரெட்டேசியக் காலத்துத் தாவரப் புதைபடிவங்களால் அறியப்பெற்ற அடுக்கு அது. 1863இல் பல்லாவரத்தில் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டில் கொசத்தலையாற்றுப் படுகையின் அதிரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அங்கு சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் நிகழ்த்திய ஆய்வுகள் தமிழகத்தின் தொடக்கப் பழைய கற்காலத்தை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்கொண்டு சென்றன (2011).

வரலாற்றுக் காலத்திலும் இந்நிலம் ஓரத்தில் கிடந்ததன்று. ஒரகடத்திற்கு அண்மையிலுள்ள மணிமங்கலம், முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேட்டில் குறிக்கப்பெறுகிறது. அவ்வூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் பதிப்பிக்கப்பட்டுள்ளன. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய செங்கற்பட்டுச் சாகீர் அளவீடு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் நிலம், நீர்நிலை, குடிகள், விளைச்சல், பங்கீடு ஆகியவற்றை ஊர்வாரியாகப் பதிவு செய்தது. அதற்கு அடிப்படையாக அமைந்த ஓலைக் கணக்குகளின் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஊர்க்கணக்கு இத்துணை நுட்பமாக எஞ்சியுள்ள வட்டாரங்கள் இந்தியாவில் மிகச் சிலவே.

இச்சான்றுகள் அனைத்திற்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. எவையும் இவ்வட்டாரத்தில் இல்லை. ஃபூட்டின் கற்கருவித் தொகுப்பு 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்றது. கல்வெட்டுகளின் வாசகம் நூலகங்களில் உள்ளது. ஓலைகள் தஞ்சையில் உள்ளன. பாதுகாப்பு நோக்கில் இவ்விடமாற்றம் சரியானதே. எனினும், ஒரகடத்தில் பயிலும் பள்ளி மாணவர் தம் ஊரின் பெயர் பொறித்த ஒரு சான்றையேனும் தம் ஊரில் காண இயலாத நிலையே இதன் விளைவு. 1985இல் பூண்டியில் நிறுவப்பெற்ற தொல்பழங்கால அகழ்வைப்பகம் கொசத்தலையாற்றுப் படுகைக்கு இக்குறையை ஓரளவு நிறைவு செய்தது. திருப்பெரும்புதூர்ப் பகுதிக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை.

2. ‘நினைவிடங்கள் போதுமே’ என்னும் வாதம்

இவ்வூரில் நினைவிடங்களுக்குக் குறைவில்லை என்பது முதல் மறுப்பு. இராமானுசர் அவதரித்த தலமாகிய ஆதிகேசவப் பெருமாள் கோயில் நூற்றாண்டுகளாக ஊரின் அடையாளமாக விளங்குகிறது. 1991 மே 21 அன்று இராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் எழுப்பப்பெற்ற நினைவகம் 2003இல் திறக்கப்பட்டது. உலகம் இவ்வூரை அறிந்தது இவ்விரண்டாலும்தான்.

இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் இரண்டு நினைவிடங்களும் தனி ஒருவரைப் போற்றுவன. வந்து வணங்குவோரையும் அஞ்சலி செலுத்துவோரையும் கருதி அமைந்தவை. ஊரில் வாழ்ந்தோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று சொல்லுவது அவற்றின் கடமையன்று.

வைணவ மரபே இங்கு ஒரு பாகுபாட்டைத் தருகிறது. இராமானுசருக்கு மூன்று திருமேனிகள் என்பது அம்மரபு: திருவரங்கத்தில் தானான திருமேனி, திருப்பெரும்புதூரில் தானுகந்த திருமேனி, மேல்கோட்டையில் தமருகந்த திருமேனி. அவரே ஆனது ஒன்று. அவர் உவந்தது ஒன்று. அவரைப் பிரிய நேர்ந்த அடியார்கள் உவந்தது மற்றொன்று. ஒரு வட்டாரத்தின் நினைவையும் இவ்வாறு பகுத்துக் காணலாம். அகழ்குழி, ஏரி, கோயில் ஆகியன நிலத்தோடு ஒட்டிய ‘தானான’ சான்றுகள். அரசும் ஆலையும் தம்மைப் பற்றித் தாமே அமைத்துக்கொள்ளும் கல்வெட்டு, காட்சியறை, விளம்பரப்படம் ஆகியன ‘தானுகந்தவை’. பிரிந்தவர்களும் இழந்தவர்களும் தமக்காக அமைத்துக்கொள்ளும் ‘தமருகந்த’ நினைவே இப்பகுதியில் இடம்பெறாதது. அருங்காட்சியகத்தின் தேவை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

3. அண்மைக்காலம் அழியும் விரைவு

1971இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் பின்னர் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய இடங்களில் தொழிற்பூங்காக்களை அமைத்தது. 1996இல் இந்தியாவில் கால்பதித்த ஹூண்டாய் நிறுவனத்தின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ மகிழுந்து சந்தைக்கு வந்தது. ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்னும் அடைமொழி அதன் பின்னர் பரவியது.

இக்குறுகிய காலத்திற்குள்ளேயே ஒரு முழுச் சுழற்சி நிகழ்ந்து முடிந்துள்ளது. நோக்கியா நிறுவனத்தின் திருப்பெரும்புதூர் ஆலை 2006 தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சநிலையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நேரடியாகப் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிக்கல்வி முடித்து வேலைக்கு வந்த இளம்பெண்கள். 2013இல் வருமானவரிச் சிக்கல் எழுந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாப்டிடம் சென்றபோது இவ்வாலை அவ்விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் ஒரு தொழிலாளர் தலைமுறையே உருவாகிக் கலைந்துவிட்டது.

இத்தலைமுறையின் வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளருக்கு நீதிமன்ற ஆவணங்களும் நாளிதழ்ச் செய்திகளும் கிடைக்கும். அடையாள அட்டை, ஊதியச் சீட்டு, சீருடை, ஷிப்ட் பேருந்துத் தடப்பலகை, விடுதி அறையின் விதிமுறைத் தாள், சங்கத்தின் துண்டறிக்கை ஆகியவற்றை ஒருங்கே தொகுத்து வைத்த பொதுச் சேகரிப்பு எதுவும் இல்லை. வடக்குப்பட்டின் கற்கருவி 12,000 ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்தது. நெகிழி அடையாள அட்டையும் வெப்ப அச்சில் எடுத்த ஊதியச் சீட்டும் அவ்வாறு காத்திரா. வெப்ப அச்சின் எழுத்து சில ஆண்டுகளிலேயே மங்கிவிடும். எனவே, ‘அண்மைக்காலம்தானே, பிறகு பார்க்கலாம்’ என்னும் எண்ணம் உண்மை நிலைக்கு மாறானது. மிக விரைந்து அழிவது மிக அண்மைக்காலமே.

பின்வந்த நிகழ்வுகளுக்கும் இது பொருந்தும். 2021 திசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் விடுதியில் உணவு நஞ்சானதைக் கண்டித்துச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் ஈடுபட்டனர். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நீடித்தது. சங்கப் பதிவு அதன் மையக் கோரிக்கைகளுள் ஒன்று. 2025 சனவரியில் சங்கம் பதிவு பெற்றது. இவை தமிழகத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற வேண்டியவை. இவற்றின் படங்களும் குரல்களும் இன்று தொழிலாளர்களின் கைப்பேசிகளில் மட்டுமே உள்ளன. கைப்பேசி மாறும்போது அவையும் போய்விடும்.

4. யாருடைய வரலாறு?

இப்பகுதியில் வாழ்வோருள் பெரும்பகுதியினர் வெளியூரார், வெளிமாநிலத்தார். அவர்களுக்கு வட்டார வரலாறு எதற்கு என்பது இரண்டாம் மறுப்பு. இதற்குள் மறைந்துள்ள முற்கோள் யாதெனில், வரலாறு நிலைத்து வாழ்வோருக்கே உரியது என்பதாகும். இவ்வட்டாரத்தின் வரலாறு அம்முற்கோளுக்கு இடந்தரவில்லை.

நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கை, பட்டியல் சாதியினரின் நிலமின்மையை அரசின் முன் வைத்தது. பஞ்சமி நில ஒதுக்கீட்டிற்கு அவ்வறிக்கை வழிவகுத்தது. அந்நிலங்களை மீட்கக் கோரிய காரணைப் போராட்டத்தையொட்டி 1994இல் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு இம்மாவட்டத்தின் வரலாற்றில் அழியாத நாள். தொழிற்பூங்காக்களுக்கு நிலம் எடுக்கப்பெற்ற சட்டப் பின்புலத்தில் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் முதன்மையானது. அது 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் செல்லாததாக்கப்பட்டது. அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் அதற்கு மீண்டும் உயிரளித்தது. 2021இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. இந்நெடும் வழக்கில் நிலவுடைமையாளரின் பெயர் பதிவாகியுள்ளது. பட்டா இல்லாமல் அந்நிலத்தில் உழைத்தோரின் பெயர் அதில் இல்லை. ஊரிலேயே பிறந்து நிலத்தோடு தொடர்பற்றுப் போனவரும், விழுப்புரத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து விடுதியில் தங்குபவரும் ஆவணத்தில் இடம்பெறாமை என்னும் ஒரே நிலையில் நிற்கின்றனர். இருவரையும் ஒருங்கே காட்ட இயலாத அருங்காட்சியகம் இவ்வட்டாரத்தைக் காட்டியதாகாது.

ஏரியும் அத்தகையதே. ‘ஏரி மாவட்டம்’ எனப் பெயர்பெற்ற செங்கற்பட்டின் நீர்முறை, ஓர் ஏரியின் கலங்கல் வழியே வழியும் மிகைநீர் அடுத்த ஏரியின் வரத்தாக அமையும் சங்கிலித் தொடர். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைக் குறிக்கிறது. அத்தொடரில் ஒரு வரத்துக்கால் தூர்ந்தால் அதன் விளைவு எங்கோ வெளிப்படும். 2015 திசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் பெயரைச் சென்னை முழுவதும் உச்சரித்தது. அவ்வேரிக்கு மேலுள்ள ஏரிகளின் பெயர்களையும் அவற்றின் மதகு திறப்பு முறையையும் அறிந்த நீர்க்கட்டிகளின் தலைமுறை இன்று முதுமையில் உள்ளது. அவர்களின் அறிவு வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. அது நகரத்தின் பாதுகாப்புக்கும் உரியது.

5. அருங்காட்சியகத்தின் இடர்

வேண்டும் என வாதிடுவோர் எதிர்கொள்ள வேண்டிய வன்மையான மறுப்பு மூன்றாவது. அருங்காட்சியகம் அழிவுக்கு மாற்றாகக் காட்டப்பெறலாம். ‘பொருள்களை எடுத்துப் பாதுகாத்துவிட்டோம், இனி நிலத்தைச் சமன்செய்யலாம்’ என்னும் நிலைக்கு அது சாக்காகலாம். 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் அறிவிக்கை பெற்ற சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப்பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வரையறுக்கின்றன. அறிவிக்கை பெறாத இடங்களுக்கு அக்காப்பு இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், கண்டெடுத்த பொருளை ஆட்சியரிடம் அறிவிக்கச் சொல்கிறதேயன்றி, கிடைத்த இடத்தைக் காக்கச் சொல்லவில்லை. எனவே, பொருள் கூடத்திலும் இடம் கான்கிரீட்டின் அடியிலும் போய்ச்சேர்வது சட்டப்படியே நிகழலாம்.

நிதிவழியும் ஓர் இடரே. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்கீழ், வரம்புக்குட்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு அப்பட்டியலில் உள்ளது. இவ்வளவு ஆலைகள் குவிந்த பகுதியில் பணம் கிடைப்பது அரிதன்று. ஆயின், ஆலையின் பணத்தில் எழும் கூடத்தில் வேலைநிறுத்தத்தின் துண்டறிக்கை எச்சுவரில் இடம்பெறும் என்பதே கேள்வி. முன்னர்ச் சுட்டிய ‘தானுகந்த’ நினைவாகவே அது முடியும் வாய்ப்பு மிகுதி.

இவ்விடர்கள் அருங்காட்சியகம் வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் ஆகா. எத்தகைய அருங்காட்சியகம் வேண்டாம் என்பதை வரையறுக்க அவை துணைசெய்கின்றன.

6. ஒப்பிடத்தக்க முன்மாதிரிகள்

2023 மார்ச்சில் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகம், அகழ்ந்த பொருளை அகழ்ந்த ஊரிலேயே காட்டலாம் என்பதையும், மக்கள் அதனைத் தேடி வருவர் என்பதையும் மெய்ப்பித்தது. வடக்குப்பட்டுக்கு அது நேரான முன்மாதிரி. ஆனால் கீழடியின் மையப்பொருள் தொன்மை. தொழிற்பகுதியின் சிக்கலுக்கு வேறு முன்மாதிரிகளும் தேவை.

1984 நச்சுவாயுக் கசிவை நினைவுகூரும் ‘ரிமெம்பர் போபால்’ அருங்காட்சியகம் 2014இல் தொடங்கப்பெற்றது. உயிர்பிழைத்தோரின் உடைமைகளும் ஒலிப்பதிவான வாய்மொழிகளுமே அதன் காட்சிப்பொருள்கள். அரசு, பெருநிறுவன நிதியை அது ஏற்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், வெள்ளையர் பகுதியென 1966இல் அறிவிக்கப்பட்டு ஏறத்தாழ 60,000 பேர் வெளியேற்றப்பட்ட ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பகுதிக்கு 1994இல் அருங்காட்சியகம் அமைந்தது. அதன் தரையில் பழைய தெருக்களின் பெரிய வரைபடம் விரிக்கப்பட்டுள்ளது. முன்னாள் குடியிருப்போர் தத்தம் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதினர். விலையுயர்ந்த பொருள் எதுவும் இன்றி, ஒரு வரைபடமும் ஓர் எழுதுகோலுமே அங்கு வரலாற்றுச் சான்றை உருவாக்கின. 2022 ஆகஸ்டில் பிராகில் பன்னாட்டு அருங்காட்சியக மன்றம் ஏற்ற புதிய வரையறையும் சமூகங்களின் பங்கேற்பை அருங்காட்சியகத்தின் இயல்புகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

இம்முன்மாதிரிகளைத் திருப்பெரும்புதூருக்கு அப்படியே பெயர்க்க இயலாது. போபால் பேரிடரின் நினைவு. கேப் டவுன் நிறவெறியின் நினைவு. இங்கு நிகழ்ந்தது இழப்பும் ஈட்டலும் கலந்த மாற்றம். நிலம் இழந்த குடும்பத்தின் மகள் ஆலையில் பெற்ற முதல் ஊதியத்தில் வீடு கட்டியிருக்கக்கூடும். அவ்வூதியத்தையும் அவ்விழப்பையும் ஒன்றால் மற்றொன்றை மறைக்காமல் காட்டுவதே இவ்வட்டார அருங்காட்சியகம் ஏற்க வேண்டிய தனிப்பணி.

7. வரையறைகள்

மேற்கண்ட ஆய்வின் வழி நான்கு வரையறைகளைப் பெறலாம்.

முதலாவது, கட்டடத்திற்கு முன் சேகரிப்பு. வாய்மொழிப் பதிவும் ஆவணத் தொகுப்பும் ஒரு வாடகை அறையிலோ அரசுக் கல்லூரியின் வரலாற்றுத் துறையிலோ இன்றே தொடங்கத்தக்கவை. 2022இல் அறிவிக்கப்பெற்ற பரந்தூர் வானூர்தி நிலையத் திட்டத்தையொட்டி, ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் கிராமசபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேற்றியுள்ளனர். அவ்வூர்களின் தெருப்பெயர், வயற்பெயர், மடைப்பெயர் ஆகியவற்றைப் பதிவு செய்யும் காலம் இதுவே. திட்டம் நிறைவேறினும் நிறைவேறாவிடினும் அப்பதிவு பயன்படும்.

இரண்டாவது, இடத்தைக் காக்காமல் பொருளைக் காட்டுதல் கூடாது. வடக்குப்பட்டு போன்ற இடங்களுள் ஒருபகுதியேனும் திறந்தவெளியில் காக்கப்பெற வேண்டும். ஏரியைக் காட்டச் சிறந்த கூடம் அதன் கரையே.

மூன்றாவது, நிதி தருவோருக்குக் காட்சியின் உள்ளடக்கத்தில் முடிவுரிமை இருத்தல் ஆகாது. அறக்கட்டளையில் ஊராட்சி, தொழிற்சங்கம், விடுதித் தொழிலாளர், கல்வித்துறை ஆகியோர் பெரும்பான்மை பெறுதல் வேண்டும். 2019இல் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிந்தமையும், 2022இல் சென்னைப் பெருநகர எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தமையும் பொறுப்பைப் பல அலுவலகங்களுக்குப் பகிர்ந்துவிட்டன. தனி அறக்கட்டளை இச்சிதறலுக்கும் தீர்வாகும்.

நான்காவது, காட்சிக்குறிப்புகள் தமிழில் முதன்மையாகவும், இந்தி, ஒடியா, வங்காளம் போன்ற தொழிலாளர் மொழிகளில் உடனாகவும் அமைய வேண்டும். ஞாயிறும் இரவு ஷிப்ட் முடியும் வேளையும் திறந்திராத கூடம் தொழிலாளருக்கு உரியதாகாது.

முடிவுரை

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதிக்கு வட்டார வரலாற்று அருங்காட்சியகம் தேவை. அதன் முதற்காரணம் தொன்மையன்று. தொன்மை பெரும்பாலும் வேறிடங்களில் பாதுகாப்பாக உள்ளது. அதனை ஊருக்கு மீட்டளிப்பது காலம் தாழ்ந்தும் இயலும். முப்பது ஆண்டுக்காலத் தொழில்வாழ்வின் சான்றுகளும், அதற்கு முந்தைய ஏரிவேளாண்மையின் வாய்மொழி அறிவும் அத்தகையன அல்ல. அவை இன்று வாழும் மனிதரிடம் மட்டுமே உள்ளன. எனவே, இவ்வட்டாரத்தில் அருங்காட்சியகம் பற்றிய விவாதம் அடிக்கல் நாட்டுவிழாவிலிருந்து தொடங்கத் தேவையில்லை. முதிய நீர்க்கட்டி ஒருவர் மதகு திறக்கும் முறையைச் சொல்ல, அது ஒலிப்பதிவாகும் நாளிலிருந்தும், மூடிய ஆலையின் அடையாள அட்டை ஒன்று எண்ணிடப்பட்டு உறையிலிடப்படும் நாளிலிருந்தும் அது தொடங்கலாம். அச்சேகரிப்பு நிறையும்போது கட்டடம் அதன் விளைவாக எழும். சேகரிப்பின்றி எழும் கட்டடம், எத்துணை அழகியதாயினும், மற்றுமொரு தானுகந்த நினைவாகவே அமையும்.